கறுக்காத குவாக்கமோலே: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வெண்ணெய்ப்பழத்தை மசித்துச் செய்யும் மெக்சிகோ நாட்டுப் பண்டமான குவாக்கமோலே பற்றி வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். காலையில் செய்தது மாலைக்குள் கறுத்துவிடுகிறது என்ற குறையே அவற்றில் பெரும்பாலானவற்றில் இருந்தது. அந்தக் கேள்விக்கான பதில் சற்று நீளமாக இருப்பதற்கு அதுவே காரணம்.

கேள்வி: ஒரு செய்முறையில் பூண்டும் சீரகமும் வருகின்றன, இன்னொன்றில் மயோனைஸ் சேர்க்கச் சொல்கிறார்கள், வேறொன்றில் தக்காளியே கூடாது என்று கண்டிப்பாக எழுதியிருக்கிறார்கள். எதைப் பின்பற்றுவது? மிக்ஸியில் அரைத்துவிடலாமா?

பதில்: கைப்பக்குவம் வீட்டுக்கு வீடு மாறும் என்றாலும், வெண்ணெய்ப்பழம், வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லித்தழை, உப்பு ஆகிய ஐந்தும் மெக்சிகோச் செய்முறைகளில் பெரும்பாலும் மாறுவதில்லை. தக்காளியும் எலுமிச்சைச் சாறும் அவரவர் விருப்பப்படி சேரும். இவற்றுள் வெண்ணெய்ப்பழமும் மிளகாயும் தக்காளியும் அந்த மண்ணில் பழங்காலத்திலிருந்தே விளைபவை. நாம் இன்று பயன்படுத்தும் வெங்காயமும் கொத்தமல்லியும் எலுமிச்சையும் 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வந்த பிறகே அங்கு போய்ச் சேர்ந்தன. ஆகவே, தக்காளியைச் சேர்த்தால் மரபு கெட்டுவிடும் என்று கண்டிப்புக் காட்டுபவர்கள் வரலாற்றைத் துணைக்கு அழைக்க முடியாது. பூண்டும் சீரகமும் உங்கள் விருப்பம். மயோனைஸை மட்டும் தவிர்த்துவிடுங்கள் என்பேன். 100 கிராம் பழச் சதையிலேயே ஏறத்தாழ 15 கிராம் கொழுப்பு இருக்கும்போது, அதன் தலையில் மேலும் எண்ணெயை ஏற்றுவதால் பழத்தின் மணம் அமுங்கிப்போவதுதான் மிச்சம்.

நான்கு பேருக்கு நடுத்தர அளவுள்ள மூன்று பழங்கள் போதும். அவற்றிலிருந்து ஏறத்தாழ 400 கிராம் சதை கிடைக்கும். பொடியாக நறுக்கிய வெங்காயம் மூன்று மேசைக்கரண்டி, நறுக்கிய கொத்தமல்லித்தழை இரண்டு மேசைக்கரண்டி, பச்சை மிளகாய் ஒன்று அல்லது இரண்டு, எலுமிச்சைச் சாறு ஒன்றரை மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, விதையையும் சாற்றையும் நீக்கிப் பொடியாக நறுக்கிய தக்காளி ஒன்று ஆகியவை இதற்குச் சரியான அளவு. வெங்காயத்தின் காரம் பிடிக்காதவர்கள், நறுக்கிய பிறகு குளிர்ந்த நீரில் அலசி, நன்றாக வடித்து, துணியில் ஒற்றிச் சேர்க்கலாம்.

அளவைக் காட்டிலும் வரிசைதான் முக்கியம். மெக்சிகோவில் இதற்கென்றே எரிமலைப் பாறையில் குடைந்த, மூன்று கால்கள் கொண்ட மோல்கஹேத்தே என்ற கல்லுரல் உண்டு. அதன் உட்புறம் சொரசொரப்பாக இருக்கும். முதலில் மிளகாயையும், வெங்காயத்தில் பாதியையும், கொத்தமல்லியில் பாதியையும், உப்பு முழுவதையும் அதில் போட்டு நசுக்குவார்கள். உப்பின் பரல்கள் உராய்ந்து, தழையும் மிளகாயும் சாறு விட்டு, பச்சை நிறமான ஈர விழுதாகும். அதன் பிறகுதான் பழச் சதையைச் சேர்த்து, அங்கங்கே கட்டிகள் தங்கும்படி ஒன்றிரண்டாக மசிப்பார்கள். மீதி வெங்காயமும் தழையும் தக்காளியும் கடைசியில் வந்து, மசிக்கப்படாமல் கிளறி மட்டும் விடப்படுகின்றன. கல்லுரல் இல்லையென்றால், பலகையில் கத்தியின் பக்கவாட்டால் உப்பைத் தேய்த்து நசுக்கியும் அதே விழுதைப் பெறலாம். பழத்தை முள்கரண்டியால் மசித்துக்கொள்ளலாம்.

மிக்ஸி வேண்டாம். வேகமாகச் சுழலும் தகடு சதையின் செல்களை முற்றிலும் உடைத்துவிடுகிறது. கூடவே காற்றையும் உள்ளே அடித்துக் கலக்கிவிடுகிறது. பசை போன்ற பதம் வருவதும், வழக்கத்தைவிட விரைவில் நிறம் மாறுவதும் இதனால்தான்.

கேள்வி: வாங்கிய பழங்கள் கல்லாக இருக்கின்றன. ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் வைத்தும் பழுக்கவில்லை. ஒன்றை வெட்டிப் பார்த்தால் உள்ளே கறுப்பு நார்கள் ஓடியிருந்தன.

பதில்: ஃப்ரிட்ஜில் வைத்ததுதான் இங்கே சிக்கல். வெண்ணெய்ப்பழம் மரத்தில் முற்றும், ஆனால் அங்கே பழுக்காது. பறித்த பிறகே எத்திலீன் என்ற வாயுவைத் தானே வெளியிட்டுக் கனியத் தொடங்கும். காயாக இருக்கும்போது அதை நீண்ட நாள் குளிரில் வைத்தால் கனியும் வேலை தடைப்படுவதோடு, சதை சாம்பல் நிறமாகவும் நார்கள் கறுப்பாகவும் மாறக்கூடும். எனவே காயை வெளியே வையுங்கள். 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் சீராகப் பழுக்கும். 30 டிகிரிக்கு மேல் போனால் ஒரு பக்கம் குழைந்து மறுபக்கம் விறைத்து நிற்கும். அவசரமானால், நன்கு பழுத்த வாழைப்பழம் ஒன்றுடன் காகிதப் பையில் போட்டு வாயை மடித்து வைக்கலாம்; இரண்டும் விடும் எத்திலீன் பைக்குள் தேங்கி வேலையை விரைவுபடுத்தும். பழுத்த பிறகு ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாட்கள் அதே பதத்தில் நிற்கும்.

பதம் பார்ப்பதற்கு நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. கலிஃபோர்னியாவில் தோன்றி, 1935இல் காப்புரிமை பெற்று, இன்று உலகச் சந்தையை ஆளும் ஹாஸ் வகை பழுக்கும்போது பச்சையிலிருந்து ஊதா கலந்த கறுப்பாக மாறும். ஃபுயெர்த்தே போன்ற வகைகளோ பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும். உள்ளங்கையில் ஏந்தி மெல்ல அழுத்தினால் இலேசாக அமுங்க வேண்டும். விரல் நுனியால் குத்திப் பார்ப்பவர்கள் அடுத்தவர் வாங்கும் பழத்தில் கறுப்புப் புள்ளி வைத்துவிட்டுப் போகிறார்கள்.

கேள்வி: எலுமிச்சைச் சாறு தாராளமாகப் பிழிகிறேன், கொட்டையையும் கிண்ணத்தின் நடுவில் புதைத்து வைக்கிறேன். ஆனாலும் சில மணி நேரத்தில் மேற்புறம் பழுப்பாகிவிடுகிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: நீங்கள் எங்கேயும் தவறவில்லை, எலுமிச்சையிடமும் கொட்டையிடமும் அவற்றால் இயலாததை எதிர்பார்க்கிறீர்கள், அவ்வளவுதான்.

முழுப் பழத்தின் செல்களுக்குள் ஃபீனால் சேர்மங்கள் ஓர் அறையிலும், பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் தனித்தனியே இருக்கின்றன. மசிக்கும்போது அறைச் சுவர்கள் உடைந்து இரண்டும் கலந்துவிடுகின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் வந்து சேர்ந்ததும், அந்த நொதி ஃபீனால்களைக் குவினோன்களாக மாற்றுகிறது. குவினோன்கள் ஒன்றோடொன்று பிணைந்து பழுப்பு நிறமியாகின்றன. நறுக்கிய ஆப்பிள் நிறம் மாறுவதும் இதே வினையால்தான். நொதி, ஃபீனால், ஆக்சிஜன் என்ற மூன்றில் ஒன்றை விலக்கினாலும் வினை நின்றுவிடும். முதல் இரண்டும் பழத்துக்குள்ளேயே இருப்பதால் நம் கையில் எஞ்சுவது ஆக்சிஜன் மட்டுமே.

எலுமிச்சைச் சாறு இரண்டு வழிகளில் உதவுகிறது. அதன் புளிப்பு நொதியின் வேகத்தைக் குறைக்கிறது. நடுநிலைக்கு அருகிலுள்ள சூழலில்தான் அந்த நொதிக்கு முழு வேகம். அதிலுள்ள வைட்டமின் சி, உருவாகும் குவினோன்களைப் பழைய நிலைக்கே திருப்பிவிடுகிறது. ஆனால் அப்படித் திருப்பும்போது வைட்டமின் சி தானும் செலவாகிக்கொண்டே வருகிறது; அது தீர்ந்ததும் பழுப்பு எட்டிப்பார்க்கும். ஆகையால் எலுமிச்சை தருவது அவகாசமே அன்றி முழுக் காப்பு அன்று. அவகாசத்தைக் கூட்டுவதற்காக மேலும் மேலும் பிழிந்தால், நிறத்தைக் காப்பாற்றிச் சுவையை இழப்பீர்கள். புளிப்பை நாக்குக்காகச் சேருங்கள். நிறத்தைக் காக்கும் பொறுப்பை மூடும் முறையிடம் விட்டுவிடுங்கள்.

கொட்டையைப் பற்றி ஒரு சோதனையை நீங்களே செய்யலாம். நாளைக் காலையில் அதை எடுத்துப் பாருங்கள்: கொட்டை அழுந்தியிருந்த குழி மட்டும் பச்சையாகவும், சுற்றிலும் பழுப்பாகவும் இருக்கும். கொட்டையிலிருந்து தனிச் சத்து எதுவும் இறங்கிக் காப்பதில்லை. காற்றுப் படாமல் அது மறைத்த இடம் தப்பித்தது. அதே அளவுள்ள கூழாங்கல்லும் அதே வேலையைச் செய்யும்.

கேள்வி: அப்படியானால் எப்படித்தான் மூடி வைப்பது? எத்தனை நாள் வைக்கலாம்? பழுப்பான மேல் பகுதியைச் சாப்பிடலாமா?

பதில்: அகலமான தட்டு வேண்டாம், வாய் குறுகிய, ஆழமான கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரம் நல்லது. காற்றுப் படும் பரப்பு சிறியதாக இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். குவாக்கமோலேயைப் போட்டதும் கரண்டியின் பின்புறத்தால் அழுத்தி, பாத்திரத்தின் ஓரங்களில் தெரியும் காற்றுப் பைகளை வெளியேற்றி, மேற்புறத்தைச் சமமாக வழித்துவிடுங்கள். அதன் பிறகு இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

முதலாவது, மெல்லிய பிளாஸ்டிக் தாள். பலர் அதைப் பாத்திரத்தின் விளிம்பில் இழுத்துக் கட்டி, அடியில் ஒரு விரற்கடைக் காற்றைச் சேர்த்தே பூட்டிவைக்கிறார்கள். தாள் குவாக்கமோலேயின் மேலேயே படிந்து, ஓரங்களில் உட்சுவரோடு ஒட்ட வேண்டும். எல்லாத் தாள்களும் ஆக்சிஜனை ஒரே அளவில் தடுப்பதில்லை. பாலிஎத்திலீன் தாள் சிறிதளவு உள்ளே விடும் என்பதால் இரண்டு அடுக்காகப் போட்டு, அதற்கு மேல் இறுக்கமான மூடியும் போடுவது நல்லது.

இரண்டாவது, தண்ணீர். கேட்பதற்கு விபரீதமாகத் தோன்றினாலும் எனக்குப் பிடித்த வழி இதுதான். வழித்துச் சமப்படுத்திய மேற்புறத்தின் மீது, கரண்டியைக் குப்புறப் பிடித்து, குளிர்ந்த குடிநீரை மெதுவாக ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு வழியவிட்டு மூடி வையுங்கள். கெட்டியாக மசித்திருந்தால், கொழுப்பு மிகுந்த அந்த விழுதுக்குள் நீர் எளிதில் இறங்காது. தாள் விட்டுவிடும் சின்னஞ்சிறு இடுக்குகளையும் நீர் நிரப்பிவிடும். பரிமாறும் நேரத்தில் பாத்திரத்தைச் சாய்த்து நீரை வடித்துவிட்டு ஒருமுறை கிளறினால் போதும். உப்பு சற்றுக் குறைந்திருந்தால் ஒரு சிட்டிகை சேர்த்துக்கொள்ளலாம்.

எந்த வழியானாலும் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். செய்த அன்றைக்குச் சுவை உச்சம். மறுநாள் நன்றாகவே இருக்கும். மூன்றாம் நாளுக்கு மேல் நான் வைத்திருக்கச் சொல்லமாட்டேன். மறுநாளுக்கென்றே செய்வதாக இருந்தால், வெங்காயத்தையும் தக்காளியையும் கொத்தமல்லியையும் சேர்க்காமல், பழம், உப்பு, எலுமிச்சை மூன்றை மட்டும் மசித்து வைத்து, மற்றவற்றைப் பரிமாறும்போது கலந்துகொள்வதே சிறந்தது. நறுக்கிய வெங்காயம் இரவு முழுவதும் ஊறினால் அதன் நெடி மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். தக்காளி நீர் விட்டு விழுதைத் தளர்த்திவிடும்.

பழுப்பான மேல் பகுதியால் தீங்கு இல்லை. சற்றுக் கசக்கும், பார்வைக்கு நன்றாக இராது. வழித்தெடுத்துவிட்டால் அடியில் பச்சை இருக்கும். ஆனால் புளித்த வாடை, வழவழப்பு, நுரைக்குமிழ்கள், பூஞ்சை ஆகியவற்றில் எது தென்பட்டாலும் மேலே வழித்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம் என்று எண்ணாதீர்கள், பாத்திரத்தோடு கவிழ்த்துவிடுங்கள்.

கேள்வி: விருந்தில் மேசையில் எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்?

பதில்: இரண்டு மணி நேரம், அறையின் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். பெரிய கிண்ணம் ஒன்றை வைப்பதற்குப் பதிலாகச் சிறு கிண்ணங்களை ஒவ்வொன்றாக ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வாருங்கள். பலரும் தோய்த்துச் சாப்பிட்ட கிண்ணத்தில் மிஞ்சியதைச் சேமிப்புப் பாத்திரத்தில் மீண்டும் கொட்ட வேண்டாம்.

கேள்வி: பழங்கள் ஒரே நேரத்தில் பழுத்துவிட்டன. ஃப்ரீசரில் வைக்கலாமா? பாட்டிலில் அடைத்துக் கொதிநீரில் வைத்துப் பதப்படுத்தலாமா? கடையில் விற்கும் பாக்கெட்டுகள் மட்டும் எப்படி வாரக்கணக்கில் பச்சையாக இருக்கின்றன?

பதில்: ஃப்ரீசருக்கு ஆம், பாட்டிலுக்கு இல்லை.

உறையவைப்பதற்கு, நன்கு பழுத்த சதையை மசித்து, ஒரு லிட்டர் விழுதுக்கு அரைக்கால் தேக்கரண்டி அளவில் அஸ்கார்பிக் அமிலத் தூளைக் கலக்கலாம். அது தூய வைட்டமின் சி என்பதால், புளிப்பை அதிகம் ஏற்றாமல் நிறத்தைக் காக்கும். தூள் கிடைக்காதவர்கள் எலுமிச்சைச் சாற்றையே சேர்க்கலாம். ஒரு வேளைக்குத் தேவையான அளவைத் தடித்த ஃப்ரீசர் பையில் போட்டு, தட்டையாகப் பரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடினால், விரைவில் உறைவதோடு விரைவில் உருகவும் செய்யும். மைனஸ் 18 டிகிரியில் மூன்று மாதங்கள் வரை நல்ல பதத்தில் இருக்கும். உருக்குவதை ஃப்ரிட்ஜுக்குள்ளேயே செய்யுங்கள். உருகிய விழுது சற்று நீர்த்திருக்கும். கட்டிகளுடன் கூடிய புதுப் பதம் திரும்பாது. அப்போது நறுக்கிய வெங்காயத்தையும் மிளகாயையும் தழையையும் புதிதாகச் சேர்த்தால் குறை பெரிதாகத் தெரியாது. வெங்காயமும் தக்காளியும் கலந்த குவாக்கமோலேயை அப்படியே உறையவைத்தால், உருகும்போது துவண்ட துண்டுகளும் தனியே பிரிந்த நீரும்தான் கிடைக்கும்.

பாட்டிலில் அடைப்பது ஆபத்தானது. வெண்ணெய்ப்பழம் புளிப்பு மிகக் குறைந்த பழம். புளிப்பைக் காட்டும் பிஹெச் அளவு (எண் கூடக் கூடப் புளிப்பு குறைவு) அதில் 6க்கு மேல் இருக்கும். காற்றுப் புகாத, புளிப்பற்ற சூழலில்தான் போட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர்கிறது. அதன் வித்துகள் கொதிநீரின் வெப்பத்துக்கு அழிவதில்லை. வீட்டில் பாட்டிலில் அடைப்பதற்கு முறையாகச் சோதிக்கப்பட்ட செய்முறை எதுவும் குவாக்கமோலேக்குக் கிடையாது. ஆபத்தை ஒதுக்கிவைத்தாலும், வெண்ணெய்ப்பழத்தைச் சூடாக்கினால் கசப்பேறிவிடும்.

தொழிற்சாலைகளும் இதே காரணத்தால்தான் வெப்பத்தைத் தவிர்க்கின்றன. பாக்கெட்டில் அடைத்து மூடிய குவாக்கமோலேயை, குளிர்ந்த நீர் நிரம்பிய எஃகுக் கலனில் இறக்கி, ஏறத்தாழ 600 மெகாபாஸ்கல் அழுத்தத்தைச் சில நிமிடங்கள் செலுத்துகிறார்கள். இது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல ஏறக்குறைய 6,000 மடங்கு. எல்லாப் பக்கங்களிலிருந்தும் சமமாக அழுத்துவதால் விழுதின் உருவம் சிதைவதில்லை. கிருமிகள் மட்டும் மடிகின்றன. கடை பாக்கெட்டைத் திறந்த பிறகு அதுவும் வீட்டில் செய்ததைப் போன்றதுதான். மேலே சொன்ன விதிகளெல்லாம் அதற்கும் பொருந்தும்.

கேள்வி: முழுப் பழத்தைத் தண்ணீரில் மூழ்கவைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு மாதம் கெடாது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022இல் இதைச் செய்ய வேண்டாமென்று எச்சரித்தது. அதே அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த பழத்தோல் மாதிரிகளுள் 17 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் லிஸ்டீரியா கிருமி இருந்தது. இந்தக் கிருமி ஃப்ரிட்ஜின் குளிரிலும் பெருகக்கூடியது. நீரில் ஊறும்போது தோலைக் கடந்து சதைக்குள் புகவும் வாய்ப்புண்டு. அங்கே போய்விட்டால் மேற்புறத்தை எவ்வளவு கழுவியும் பயனில்லை. கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் லிஸ்டீரியா மிகவும் ஆபத்தானது. முன்பு சொன்ன தண்ணீர் முறையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்: அங்கே தோல் இல்லை, தூய குடிநீர், ஓரிரு நாட்கள் மட்டும்.

தோலைச் சாப்பிடப் போவதில்லை என்றாலும், வெட்டுவதற்கு முன் பழத்தை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவித் துடைக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்; தோலில் இருப்பதைக் கத்தி சதைக்குள் இழுத்துச் சென்றுவிடும்.

கேள்வி: கொட்டையைக் கத்தியால் கொத்தி எடுக்கும்போது கையை வெட்டிக்கொண்டேன். வேறு வழி உண்டா?

பதில்: பழத்தைக் கையில் ஏந்தாமல் பலகையில் கிடத்தி, நீளவாக்கில் கொட்டையைச் சுற்றி வெட்டித் திருகிப் பிரியுங்கள். கொட்டையை ஒரு கரண்டியால் நெம்பினாலே வந்துவிடும். பிடிவாதம் பிடித்தால், கொட்டை இருக்கும் பாதியைப் பலகையில் வைத்து இன்னொரு முறை நீளவாக்கில் பிளந்தால் விரலாலேயே உருவலாம். சதையைத் தோண்டும்போது தோலை ஒட்டிய கரும்பச்சைப் பகுதியையும் சேர்த்து வழியுங்கள். கரோட்டினாய்டுகள் என்ற நிறமிச் சத்துகள் அங்கேதான் செறிந்திருக்கின்றன, குவாக்கமோலேயின் நிறத்துக்கும் அதுவே அழகு.

கேள்வி: யாரேனும் இதைத் தவிர்க்க வேண்டுமா?

பதில்: 100 கிராம் பழச் சதையில் ஏறத்தாழ 485 மில்லிகிராம் பொட்டாசியம் இருப்பதால், சிறுநீரக நோய்க்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும். ரப்பர் கையுறை போன்ற லேட்டெக்ஸ் பொருள்களால் ஒவ்வாமை வருபவர்களில் சிலருக்கு வெண்ணெய்ப்பழமும் ஒத்துக்கொள்வதில்லை. வாயிலோ தொண்டையிலோ அரிப்பு தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். கொத்தமல்லி சோப்புபோலச் சுவைக்கிறது என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அது நோயன்று, மணத்தை உணரும் மரபணுவில் உள்ள வேறுபாடு. தழையை விட்டுவிட்டுச் செய்யலாம்.

கேள்வி: மீந்ததை வளர்ப்புக் கிளிக்குக் கொடுக்கலாமா?

பதில்: ஒரு துளிகூடக் கூடாது. வெண்ணெய்ப்பழத்தில் உள்ள பெர்சின் என்ற பொருள் பறவைகளின் இதயத்தைத் தாக்கி உயிரையே பறித்துவிடும். முயலுக்கும் குதிரைக்கும் ஆட்டுக்கும் அது நஞ்சு. நாய்க்கும் பூனைக்கும் வெங்காயம் ஆகாது என்பதால், அவற்றின் தட்டிலும் குவாக்கமோலேயை வைக்க வேண்டாம்.